பெருகினது

கங்கையம்மாள் யாருடைய முகத்தையும் சரியாகப் பார்க்கமாட்டாள். கையைத்தான் பார்ப்பாள். காஞ்சிபுரத்தில் அவள் வளையல் போட்டுவிடாத கை குறைவு. 'ரெண்டு நாலு', 'ரெண்டு ஆறு' என்று வளையலின் அளவுதான் அவளுக்கு ஆளின் பெயர். பிள்ளையார்பாளையத்தில் தெருவுக்குப் பத்து ரெண்டு ஆறு உண்டு. ஒரு பட்டுக்கடை முதலாளியின் சம்சாரம் மட்டும் மூணு. அதை வெளியே சொல்லிவிடக்கூடாது என்பதற்காகவே அந்தம்மாள் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு டஜன் கூடுதலாக வாங்கிக்கொள்வாள்.

வளையல்களைக் கயிற்றில் கோத்துக் கொத்தாகத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு அவள் நடப்பாள். அந்தக் கொத்துக்கு மலாரம் என்று பெயர். அவள் தெருமுனையில் திரும்பும்போதே மலாரத்தின் சத்தம் முந்திக்கொண்டு வந்து வாசலில் நின்றுவிடும். புருஷன் ராமலிங்கம் சோளிங்கர்ப் பக்கம் செங்கல் சூளையில் மேஸ்திரி. மாசத்துக்கு ஒருமுறை வந்து, இரண்டு நாள் தூங்கிவிட்டுப் போவார். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் செங்கல் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்.

வளையல் வியாபாரத்தில் ஒரு சட்டம் உண்டு. வளையல் உடைந்தது என்று சொல்லக்கூடாது. சுமங்கலி கையில் இருக்கிற பொருள். உடைந்தது என்றால் கேட்கிற காதில் வேறு அர்த்தம் விழும். அதனால் 'பெருகிடுச்சு' என்பார்கள். ஒன்று இரண்டு துண்டானால் பெருகினதுதானே? பள்ளிக்கூடத்தில் இந்தக் கணக்கைப் போட்டால் முட்டை விழும். தெருவில் நூற்றுக்கு நூறு.

மற்ற வளையல்காரர்கள் அந்தத் துண்டுகளைக் குப்பையில் கொட்டிவிடுவார்கள். கங்கையம்மாள் வீட்டில் அது நடக்காது. அவள் மகள் வள்ளி விடமாட்டாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதே, "பெருகினது எங்கம்மா?" என்றுதான் கேட்பாள். துண்டுகளை விளக்குச் சுடரில் காட்டி, நெளிந்ததும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து, சங்கிலி செய்து வாசலில் கட்டுவாள். மீதியை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பாள். உடைந்த கண்ணாடித் துண்டுக்கு 'பெருகினது' என்று பெயரே வைத்துவிட்ட வீடு ஊரில் அது ஒன்றுதான். வள்ளிக்கு இடதுகைப் பழக்கம். எழுதுவதும் அதில்தான், அடிப்பதும் அதில்தான். அதனால் இடது கை வளையல்கள் வாரம் தவறாமல் பெருகிக்கொண்டே இருந்தன.

ஆடி மாசத்தில் யாராவது கல்யாணத்துக்குக் கிளம்புவார்களா? அறுபத்தைந்தாம் வருஷம் வள்ளி கிளம்பினாள். வயது பதினெட்டு. தறிக்குப் பாவு ஓட்டும் வேலைக்கு வந்த, தாமல் ஊர்ப் பையன் கலியனோடு. சாதி வேறு, கலியனுக்குச் சொந்தத் தறியும் கிடையாது. யாரோ வந்து சொன்னதும் கங்கையம்மாள் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். மகளைப் பிடித்துவிட்டாள். கன்னத்தில் ஒன்று விழும் என்று நினைத்துக் கண்டக்டரே விசிலை வாயில் வைத்தபடி காத்திருந்தார்.

அவள் அடிக்கவில்லை. வள்ளியின் கையைப் பிடித்து, கட்டைவிரல் அடிப்பக்கத்தை மெதுவாக அமுக்கி, வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பச்சையில் பொன் கோடு ஓடிய வளையல், கைக்கு ஆறு. வாடிக்கைக்காரிகளுக்குச் செய்வது போலவே கொஞ்சமும் வலிக்காமல் கழற்றினாள். "இது நான் போட்டது" என்று மட்டும் சொன்னாள். வள்ளி இரண்டாவது கையைத் தானே நீட்டினாள்.

புதுப்பெண் மொட்டைக் கையோடு பஸ் ஏறினாள். வளையல்காரி மகள். ஊரே பார்த்தது.

வீட்டுக்கு வந்து அந்தப் பன்னிரண்டையும் கங்கையம்மாள் குழவிக்கல்லால் நொறுக்கினாள். நொறுங்கியதைக் கூட்டி அள்ளி, அந்தப் பிஸ்கட் டப்பாவிலேயே போட்டாள். வேறெங்கே போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர்கள் பம்பாய்க்குப் போய்விட்டதாக ஒரு லாரி டிரைவர் சொன்னார். கடிதாசி இல்லை. ஏழு வருஷம். அந்த ஏழு வருஷத்தில் கங்கையம்மாள் எத்தனையோ வளைகாப்புக்குப் போனாள். அழைத்துப்போய் மணையில் உட்காரவைத்திருக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கை நிறைய அடுக்குவாள். பாட்டுப் பாடுவார்கள், அஞ்சு வகைச் சோறு போடுவார்கள். அவள் சாப்பிடாமல் கட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். வள்ளிக்கு எத்தனை தடவை ஏழாம் மாசம் வந்து போயிருக்கும், யார் போட்டுவிட்டிருப்பார்கள் என்று வழியெல்லாம் யோசனை. பம்பாயில் கண்ணாடி வளையலுக்கா பஞ்சம் என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். பஞ்சம் இல்லை. அதுதான் அவளுடைய வருத்தம்.

ஒருநாள் டப்பாவைத் திறந்தாள். பக்கத்து வீட்டுத் தட்டார் மயில்வாகனத்திடம் ஊதுகுழல் இரவல் வாங்கினாள். எதற்கு என்று அவர் கேட்டார். பல் விளக்க என்றாள். விளக்குச் சுடரைக் குழலால் ஊதி, நீல நாக்காக நீட்டி, அதில் வளையல் துண்டைப் பிடித்தாள். கண்ணாடி பாகு போல இளகியதும், களிமண்ணும் சாம்பலும் பூசிய கம்பியில் மணியாகச் சுற்றினாள். முதலில் வந்தவை எலிப்புழுக்கை மாதிரி இருந்தன. சீக்கிரம் ஆறினால் வெடித்துவிடும் என்பதைப் பத்து மணிகள் வெடித்த பிறகு கண்டுபிடித்தாள். அதன்பிறகு சூட்டோடு சாம்பலில் புதைத்துவைத்து, மறுநாள் கிளறி எடுத்தாள். இரண்டு மாசத்தில் மணி மணியாக வந்துவிட்டது. பச்சை மணிக்குள்ளே பொன் கோடு சுருண்டு சுருண்டு ஓடியது. அதில் ஒரு சரம் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். எங்கே வாங்கினது என்று கேட்டவர்களுக்கு ஊரில் இல்லாத கடைகளின் பெயரையெல்லாம் சொன்னாள்.

அந்தச் சரத்தைப் பார்த்துத்தான் வரதராஜன் மாட்டிக்கொண்டான்.

காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருந்தவரின் மகன் வரதராஜன். மெட்ராசில் நாலு வருஷம் ஓவியம் படித்துவிட்டு எழுபத்திரண்டில் ஊர் திரும்பினான். அவன் படங்களில் சாமி இருக்காது, கோபுரம் இருக்காது, பொம்பளை இருக்கமாட்டாள். கலர் மட்டும் இருக்கும். ஒரு கலர் இன்னொரு கலரை இடித்துக்கொண்டு நிற்கும். ஊர் அவனுக்குக் 'கிறுக்கு வரதன்' என்று பெயர் வைத்தது. கிறுக்குகிறவன் என்றும் எடுத்துக்கொள்ளலாம், மற்றபடியும் எடுத்துக்கொள்ளலாம். அப்பாவின் கடைக்கு மேலே நூல் மூட்டை கிடந்த மாடியைச் சுண்ணாம்பு அடித்து, 'வர்ணக்கூடம்' என்று பலகை மாட்டினான். அவனுடைய தங்கையின் வளைகாப்புக்குக் கங்கையம்மாள் வந்தபோது, கழுத்து மணியைப் பார்த்து அசந்துபோய், கூடத்தில் வைக்க மணி கேட்டான். ஊருக்கெல்லாம் கதை விடுகிறவளுக்கு, அவன் தனக்கே கதை விடுகிறானோ என்று சந்தேகம். ஆனாலும் கொடுத்தாள்.

நோட்டீஸ் அடித்தான். 'புதிய ஓவியங்கள்: வரதராஜன். கையால் செய்த கண்ணாடி மணிகள்: கங்கையம்மாள்.' பத்து நாள் கண்காட்சி. ஊரில் யாரும் நோட்டீஸைச் சட்டை செய்யவில்லை. மிஞ்சிய நோட்டீஸ்களை அவன் அப்பா வீணாக்காமல், வெளியூருக்குப் போகிற நூல் சிட்டங்களைச் சுற்ற எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் ஒரு தறிக்காரர் பெரிய சிவப்புப் படத்தின் முன்னால் கால் மணி நேரம் நின்றார். வரதன் பக்கத்தில் போய், என்ன தோன்றுகிறது என்று மெதுவாகக் கேட்டான். "இந்த அரக்கு யார்கிட்ட முக்கினது தம்பி? சாயம் போவாதே?" என்றார் அவர். அதற்கப்புறம் வந்தவர்களும் ஏறக்குறைய அப்படித்தான். மணிச்சரங்களைத் தொட்டுப் பார்த்தார்கள், வாங்கினார்கள். படத்தைப் பார்த்து, ஈரம் காய்ந்துவிட்டதா என்று மட்டும் விசாரித்தார்கள்.

ஏழாம் நாள், வியாழக்கிழமை, மணி தீர்ந்துபோகிறது, இன்னும் கொண்டுவாருங்கள் என்று வரதன் சொல்லியனுப்பினான். கங்கையம்மாள் முந்தானையில் முடிந்துகொண்டு மாடி ஏறினாள். கூடத்தில் வரதன் மட்டும் இருந்தான். முகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. பார்வையாளர் கருத்து எழுதுவதற்கென்று வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"அக்கா, செவ்வாக்கெழம ஒருத்தங்க எழுதிட்டுப் போயிருக்காங்க. நாலு வருஷம் படிச்சேன், ஒரு வாத்தியார்கூட இப்படிச் சொன்னதில்ல" என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்து நின்று படித்தான்: "பெருகினதுதானே இதெல்லாம். கையில இருந்தப்போ இவ்ளோ அழகா இல்ல."

படித்ததோடு விடவில்லை. விளக்கமும் சொன்னான். நிறம் கலைஞனின் கையில் இருக்கும்வரை வெறும் சாயம்தான், திரையில் விழுந்த பிறகுதான் பெருகுகிறது, அந்த அம்மா அதைத்தான் இரண்டே வரியில் சொல்லியிருக்கிறாள், அடுத்த படத்துக்குப் 'பெருக்கம்' என்றே பெயர் வைக்கப்போகிறான். இரண்டு நாளாக வந்தவன் போனவனிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறானாம்.

கங்கையம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னொரு வாட்டி படி, தம்பி."

சந்தோஷமாகப் படித்தான்.

"பேரு இன்னா போட்டிருக்குது?"

"பேரு போடல. ஊரு ஆரணின்னு இருக்குது. அப்பா நோட்டீஸ் சுத்தி நூல் அனுப்புற ஊரு."

நோட்டை வாங்கிப் பார்த்தாள். அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் இதைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. எழுத்தெல்லாம் பின்பக்கமாகச் சாய்ந்து, காற்றில் அடிபட்ட நாற்று மாதிரி இருந்தது. எழுதின கை மை மேலேயே ஊர்ந்துபோய் இழுத்துவிட்ட தீற்றலும் இருந்தது. பள்ளிக்கூட நோட்டில் இந்தத் தீற்றலுக்காகத்தான் வாத்தியாரிடம் வாரா வாரம் அடி வாங்கினாள் வள்ளி.

ஆரணி. பம்பாய் இல்லை, ஆரணி. காலையில் பஸ் ஏறினால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். கார்த்திகைக்குத் திருவண்ணாமலை போகும்போது அந்த ஊர் வழியாகவே இரண்டு தடவை போயிருக்கிறாள். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து தூங்கிக்கொண்டே போயிருக்கிறாள்.

"தம்பி, இது உன் படத்தப் பத்தி இல்லப்பா" என்றாள்.

பெருகினது என்றால் என்ன என்று அவனுக்குச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டில் நடந்ததையும் அவள் வாயால் சொன்னது அன்றைக்குத்தான். வரதன் நோட்டைத் திரும்ப வாங்கி, அந்த இரண்டு வரியை இன்னொரு முறை பார்த்தான். உலகத்தில் அவனுக்கு இருந்த ஒரே ஒரு ரசிகை அப்போது இல்லாமல் போய்விட்டாள். ஆனால் அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. கிறுக்கு என்றாலும் நல்ல கிறுக்கு.

எழுதினவள் எப்படி இருந்தாள் என்று கங்கையம்மாள் கேட்டாள். மாம்பழக் கலர் சேலை, அரக்கு பார்டர், பல தடவை துவைத்து வெளுத்த மாம்பழம் என்றான். முகம்? முகத்தைப் பார்க்கவில்லையாம். முகம் பார்க்காததற்காக இன்னொருத்தரைத் திட்டுகிற யோக்கியதை கங்கையம்மாளுக்கு இல்லை. கையைக் கேட்டாள். அவன் கண்ணை மூடி யோசித்தான்.

"பச்சை" என்றான். "ரெண்டு கையிலயும் பச்சை வளையல்தான்கா. ஏழெட்டு இருக்கும்."

கை மொட்டையாக இல்லை. யார் போட்டிருப்பார்கள் என்று கேட்க நினைத்தாள். அவனுக்கு எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமை காலையில் மலாரத்தை வீட்டில் மாட்டிவிட்டு, கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. ஒரு தடவை வந்தவள் இன்னொரு தடவை வரமாட்டாளா? படியில் காலடி கேட்கும்போதெல்லாம் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். எதிரே அந்தப் பெரிய சிவப்புப் படம். கீழ்மூலையில் துளியூண்டு பச்சை. முதல் நாள் முழுக்க, இந்தப் பையன் துணியைப் பாழாக்கியிருக்கிறானே என்று இருந்தது. இரண்டாம் நாள் அந்தப் பச்சை உள்ளே வர நினைக்கிறதா, வெளியே போகிறதா என்று சந்தேகம் வந்தது. வரதனைக் கேட்டாள். தனக்கும் அதுதான் தெரியவில்லை என்றான். தெரியாமலேயே பெரிசாக வரைந்து மாட்டிவிட்டானே என்று அவன்மேல் கொஞ்சம் மரியாதை உண்டாயிற்று.

வந்தவர்கள் வந்தார்கள். ரெண்டு ஆறு ஒருத்தி வந்தாள், ரெண்டு எட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஆரணியிலிருந்து யாரும் வரவில்லை.

ஞாயிறு சாயங்காலம் வரதன் படங்களைச் சுவரிலிருந்து இறக்கத் தொடங்கினான். கங்கையம்மாள் எழுந்திருக்கவில்லை. அவன் இறக்கிய படத்தைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஆரணி என்ன சீமையா, காலையில் போனால் சாயங்காலம் திரும்பிவிடலாம், தறிக்காரத் தெருவில் கலியன் என்று கேட்டால் சொல்லமாட்டார்களா என்றான்.

"சொல்வாங்க. போய் இன்னான்னு கேக்கறது? மொட்டைக் கையோட பஸ் ஏத்தினவ நானு. ஊருக்கெல்லாம் போட்டுட்டு வந்து, பெத்ததுகிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கினு கையக் குடுன்னு கேப்பேன்?"

வரதன் தரையில் கிடந்த ஆணிகளைப் பொறுக்கினான்.

"இங்கேருந்து எங்க வூடு மூணு தெரு" என்றாள் மறுபடியும். "வந்தவ அந்த மூணு தெரு வரல பாரு. மணியத்தான் பாக்க வந்திருக்கா. என்னைப் பாக்க வரல."

கீழே கடையில் கதவுப் பலகையை ஒவ்வொன்றாகச் செருகுகிற சத்தம் கேட்டது. கடைசிப் பலகை விழுந்ததும் சொன்னாள்: "அப்போ மணியே போவட்டும்."

"எங்கக்கா?"

"ஆரணிக்கு. உன் படத்தையும் எடு. நோட்டீஸும் அடி, அதே மாதிரி. என் பேரைப் பெரிசாப் போடு."

வரதன் சிரித்தான். பிறகு அவள் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டான். ஆரணியில் கூடத்துக்கு எங்கே போவது என்று கேட்டான். நெசவாளர் வாசகசாலை ஒன்று இல்லாமலா இருக்கும், சுவர் இருந்தால் உனக்குப் போதாதா என்றாள்.

"அங்க என் படத்தை யாருக்கா பாப்பாங்க?"

"இங்க யாரு பாத்தாங்க?"

அவன் சுவரில் மிச்சமிருந்த படத்தை இறக்கப் போனான்.

வாசகசாலை இருந்தது. வரதனுக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மூலமாக மூன்று நாளைக்குக் கிடைத்தது. பத்து நாள் கழித்து ஒரு காலையில், ஆறு படங்களைப் பழைய வேட்டியில் சுற்றி ஆரணி பஸ்ஸின் கூரையில் ஏற்றினார்கள். கண்டக்டர் கட்டிலா என்று கேட்டார். வரதன் படம் என்றான். என்ன படம் என்று கேட்டார். அவன் பதில் சொல்லத் தொடங்கியதும், நேரமாகிறது என்று விசில் ஊதிவிட்டார்.

கங்கையம்மாள் மணிகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை தூங்கவில்லை. செவிலிமேடு தாண்டியது. பாலாற்றில் மணல்தான் ஓடியது. வரதன் இரண்டொரு தடவை பேச்சுக் கொடுத்துப் பார்த்தான். வந்தால் முதலில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டபோது, உன் படத்துக்கு நீ என்ன சொல்வாயோ அதைத்தான் என்றாள்.

உண்மையில் அவள் முன்தினத்திலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். 'நல்லா இருக்கியா' என்றால், யாரோ விருந்தாளி மாதிரி இருக்கிறது. 'தப்பு பண்ணிட்டேன்' என்றால், வள்ளி அழுதுவிடுவாள். அழாமல் நின்றாலோ, அது அதைவிட மோசம். 'சாப்ட்டியா' என்று கேட்கலாம். யாரும் எப்போதும் கேட்கலாம். ஆனால் ஏழு வருஷத்துக்கு அப்புறம் கேட்கிற கேள்வியா அது? ஒருவேளை வராமலே போய்விட்டால், மூன்று நாளும் வாசகசாலைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதற்கும் அவள் தயாராகத்தான் வந்தாள். மாற்றுச் சேலை இரண்டு எடுத்துவைத்திருந்தாள்.

செய்யாறு பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்றது. வரதன் இறங்கிப்போய் இரண்டு டீ வாங்கி, ஒன்றை ஜன்னல் வழியாக நீட்டினான். கண்ணாடித் தம்ளர் கையைச் சுட்டது. அவள் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எவ்ளோ நேரம் தம்பி?"

"ஒரு மணி நேரம்கூட ஆவாதுக்கா."

"அவ்ளோதானா?" என்றாள். ஏழு வருஷமாக நீண்டுகிடந்த தூரம், கேட்டுக்கொண்டிருக்கும்போதே சுருங்கிவிட்டது மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கக் கூடாதா என்று முதல்தடவையாக நினைத்தாள். டீக்காரன் தம்ளருக்காக ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். டிரைவர் ஏறிக் கதவைச் சாத்தினார். அவள் டீயைச் சூட்டோடு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தம்ளரைக் கீழே நீட்டினாள்.